காலா அசார்: புள்ளிவிவரத்தில் ஒழிந்தது, குடிசையில் ஒழிந்ததா?

காலா அசார் ஒழிப்பு இலக்கை எட்டிவிட்டதாக ஒன்றிய அரசு மார்தட்டிக் கொள்கிறது. பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப்பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களின் 54 மாவட்டங்களில் 633 ஒன்றியங்கள் இந்நோயின் பிடியில் இருந்தன. 2023ஆம் ஆண்டின் இறுதியில் இவை அனைத்திலும் நோய்ப் பாதிப்பு பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இறங்கியது. இதே நிலை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நீடித்தால் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழுக்குத் தகுதி கிடைக்கும். அண்டை நாடான வங்கதேசம் 2023 அக்டோபரிலேயே அந்தச் சான்றிதழைப் பெற்று, உலகிலேயே இந்த நிலையை எட்டிய முதல் நாடாகிவிட்டது.

எண்ணிக்கை குறைந்தது உண்மை. 1992ஆம் ஆண்டில் அரசுக் கணக்கின்படியே 77,102 பேர் நோயுற்றார்கள். 1,419 பேர் மாண்டார்கள். இன்று ஆண்டுக்குச் சில நூறு பேர் என்ற அளவில் அது நிற்கிறது. கிராமம் கிராமமாக மருந்து தெளித்த கூலித் தொழிலாளர்கள், வீடு வீடாகக் காய்ச்சல்காரர்களைத் தேடிய ஆஷா பணியாளர்கள், ஆய்வுக்கூட ஊழியர்கள், அரசு மருத்துவர்கள் ஆகியோரின் உழைப்பே இந்தச் சாதனை. அதை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. நோய் வந்தவர்களுள் யார் பிழைக்கிறார்கள், யார் சாகிறார்கள்? அந்தச் சாவைத் தீர்மானிக்கும் காரணங்களில் எவற்றை அரசு அகற்றியிருக்கிறது? இந்தக் கேள்விக்கு ஒழிப்புச் சான்றிதழில் பதில் இருக்காது.

உடலை எப்படி வீழ்த்துகிறது?

காலா அசார் என்பது லீஷ்மேனியா டோனோவானி என்னும் ஒட்டுண்ணியால் வரும் நோய். கொசுவை விடச் சிறிய மணல் ஈ இதைப் பரப்புகிறது. மண்சுவரின் வெடிப்புகளும், ஈரம் காயாத தரையும், சாணமும் குப்பையும் மண்டிய மாட்டுக் கொட்டில்களும் அதன் இருப்பிடம். கடித்தவுடன் நோய் வருவதில்லை. ஒட்டுண்ணி உடலுக்குள் சென்ற பலருக்கு நோயே வெளிப்படாமல் போகிறது. சிலருக்கு மட்டும் சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் தொடங்குகிறது. மண்ணீரலும் கல்லீரலும் வீங்குகின்றன. உடல் மெலிந்து வயிறு மட்டும் பெருக்கிறது. தோல் கருக்கிறது, கருங்காய்ச்சல் என்ற பெயரே அதனால் வந்தது. சிகிச்சை இல்லையெனில் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் இறந்துவிடுவார்கள்.

ஒட்டுண்ணி குடியேறும் இடங்கள் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை. மஜ்ஜை பாதிக்கப்படுவதால் ரத்த அணுக்கள் மூன்று வகையிலும் குறைகின்றன. சிவப்பணுக்கள் குறைய, ரத்தசோகை முற்றி இதயம் தளர்கிறது. தட்டணுக்கள் குறைய, மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசிகிறது. வெள்ளணுக்கள் குறைய, நிமோனியாவும் காசநோயும் ரத்தத்தில் நச்சேறுவதும் எளிதாகின்றன. இறுதியில் நோயாளியைக் கொல்வது பெரும்பாலும் ஒட்டுண்ணி திறந்துவிட்ட வாசல் வழியே நுழையும் இந்தப் பிற தொற்றுகளே.

இந்தியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் நடந்த மருத்துவ ஆய்வுகள், யாருக்கு நோய் முற்றுகிறது, யார் இறக்கிறார்கள் என்பதற்கான ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டுள்ளன. கைக்குழந்தைகளும், நடுவயதைக் கடந்தவர்களும். கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ளவர்கள். மிகுந்த ரத்தசோகை, மஞ்சள் காமாலை, உடல் வீக்கம், ரத்தக்கசிவு, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு மருத்துவமனைக்கு வருபவர்கள். காசநோயோ எச்ஐவி தொற்றோ சேர்ந்திருப்பவர்கள். இவை அனைத்துக்கும் மேலாக, காய்ச்சல் தொடங்கிப் பல வாரங்கள், பல மாதங்கள் கடந்தபின் சிகிச்சைக்கு வந்து சேருபவர்கள்.

மருத்துவர்களுக்கு இந்தப் பட்டியல் மிகவும் பயனுள்ளது. எந்த நோயாளியை உடனே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும், யாருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் ஆட்சியாளர்கள் கையில் அதே பட்டியல் ஒரு சாக்காக மாறிவிடுகிறது. 'நோயாளி தாமதமாக வந்தார், உடலில் சத்து இல்லை, வேறு நோய்களும் இருந்தன, எனவே காப்பாற்ற முடியவில்லை' என்று கோப்பு மூடப்படுகிறது. சத்து ஏன் இல்லை, ஏன் தாமதமாக வந்தார் என்ற இரு கேள்விகளையும் கோப்பு கேட்பதில்லை. அவற்றைக் கேட்டால் பதில் மருத்துவமனைக்கு வெளியே, நிலத்திலும் கூலியிலும் சாதியிலும் கிடைக்கும்.

பசி என்னும் முதற்காரணி

புரதமும் இரும்பும் துத்தநாகமும் வைட்டமின் ஏயும் குறைந்த உடலில்தான் ஒட்டுண்ணித் தொற்று நோயாக முற்றுகிறது. ஒரே குடிசையில் ஒரே மணல் ஈ கடித்த இருவரில், வயிறாரச் சாப்பிட்டவர் நோயின்றித் தப்பலாம். பட்டினி கிடந்தவர் படுத்துவிடுகிறார். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி பீகாரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 41 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். 69 சதவீதம் குழந்தைகளுக்கும் 63 சதவீதத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் ரத்தசோகை. காலா அசார் தாக்குவதற்கு முன்பே அவர்களுடைய ரத்தம் வற்றியிருக்கிறது. நோய் அதன்மேல் வந்து அமர்கிறது.

இத்தகைய மாநிலத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் எண்ணிக்கையை 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்தே ஒன்றிய அரசு முடக்கி வைத்திருக்கிறது. அதற்குப் பின் பிறந்த, பெருகிய ஏழைக் குடும்பங்கள் கணக்கிலேயே இல்லை. நோய் ஒழிப்புக்கு ஒரு துறை, ரேசனுக்கு இன்னொரு துறை. இரண்டும் ஒரே குழந்தையைப் பற்றியவை என்று எந்த அமைச்சகமும் ஒப்புக்கொள்வதில்லை.

மண்சுவரும் நிலமும்

மணல் ஈ மண்சுவரில் வாழ்கிறது என்றால், மண்சுவரில் யார் வாழ்கிறார்கள் என்பதே அடுத்த கேள்வி. பீகாரில் இந்நோயால் தாக்கப்பட்ட குடும்பங்களைப் பற்றி 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை மக்களில் மிக ஏழ்மையான 40 சதவீதத்தைச் சேர்ந்தவை என்று காட்டியது. அவர்களிலும் அடித்தட்டில் இருப்பவர்கள் முசஹர் மக்கள். நிலமற்ற தலித் விவசாயத் தொழிலாளர்கள். 2023இல் பீகார் அரசு வெளியிட்ட சாதிவாரிக் கணக்கெடுப்பு, மாநிலத்தின் குடும்பங்களில் 34 சதவீதம் மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் வருமானமில்லாதவை என்றது. பட்டியல் சாதியினரில் அது ஏறத்தாழ 43 சதவீதம். முசஹர் குடும்பங்களில் பாதிக்கும் மேல். ஜார்க்கண்டின் தும்கா, கோட்டா, பாகூர், சாகிப்கஞ்ச் மாவட்டங்களில் சந்தால், பஹாரியா பழங்குடி மக்கள் இதே இடத்தில் நிற்கிறார்கள்.

காரைச்சுவர் எழுப்பினால் மணல் ஈக்கு வெடிப்பு இல்லை. இதை அரசும் அறியும். அதனால்தான் நோயுள்ள கிராமங்களில் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் கீழ் வீடுகளுக்கு முன்னுரிமை தருவதாக அறிவித்தது. ஆனால் அத்திட்டம் சமவெளியில் ஒரு வீட்டுக்குத் தருவது 1,20,000 ரூபாய். அந்தப் பணத்தைப் பெறவே, வீடு கட்ட ஒரு துண்டு நிலம் வேண்டும். கரையோரத்திலும் சாலையோரத்திலும் நிலவுடைமையாளனின் தயவிலும் குடிசை போட்டிருப்பவர்களுக்கு அந்த நிலம் எங்கே இருக்கிறது?

அது கிடைப்பதற்கான வழி 2008லேயே எழுத்தில் வந்துவிட்டது. மேற்கு வங்கத்தில் ஆபரேஷன் பர்காவை நடத்திய அனுபவம் கொண்ட டி. பந்தோபாத்யாய தலைமையில் நிதிஷ்குமார் அரசே 2006இல் நிலச்சீர்திருத்த ஆணையம் அமைத்தது. வீட்டுமனை இல்லாத குடும்பங்களுக்குத் தலா 10 டெசிமல், அதாவது பத்து சென்ட் நிலம் வழங்க வேண்டும். குத்தகை விவசாயிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்தளிக்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. நிலவுடைமைச் சக்திகள் கொதித்தெழுந்தன. ஐக்கிய ஜனதாதளமும் பாஜகவும் சேர்ந்து நடத்திய அரசு அறிக்கையைத் தூசி படிய விட்டது. குடியிருக்கும் மனைக்கு உரிமை தரும் சட்டம் பீகாரில் 1947ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அதைச் செயல்படுத்தவும் அரசுக்கு மனமில்லை.

மணல் ஈக்கு எதிராக மருந்து தெளிக்க அரசு வருகிறது. அந்த ஈக்கு இடம் கொடுக்கும் நிலவுடைமையைத் தொட அரசு வரவில்லை. இரண்டாவதைச் செய்யாததால் முதலாவதை ஆண்டுதோறும் செய்ய வேண்டியிருக்கிறது. பல பத்தாண்டுகள் டிடிடியைத் தெளித்ததில் பீகாரின் மணல் ஈக்கள் அதற்குப் பழகிவிட்டன. பின்னர் வேறு பூச்சிக்கொல்லிக்கு மாற நேர்ந்தது. அதற்கும் அவை பழகும் நாள் வராது என்று யார் உறுதி தர முடியும்?

தாமதம் யாருடைய குற்றம்?

காய்ச்சல் வந்த விவசாயக் கூலி முதலில் போவது கிராமத்துப் போலி மருத்துவரிடம். அவர் அருகில் இருக்கிறார், கடனுக்கும் ஊசி போடுகிறார். மலேரியா என்பார், டைபாய்டு என்பார். இரண்டு மூன்று வாரங்கள் கழிகின்றன. பிறகு ஊரிலுள்ள தனியார் மருத்துவமனை. ஆடு விற்கப்படுகிறது, வட்டிக்குக் கடன் வாங்கப்படுகிறது. கையில் ஒன்றுமில்லாத நிலையில்தான் அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அதற்குள் மண்ணீரல் தொப்புளைத் தாண்டி இறங்கியிருக்கும்.

பெண்கள் இன்னும் தாமதமாக வருகிறார்கள். ஆணின் காய்ச்சல் கூலியை நிறுத்துகிறது, அதனால் அது வீட்டில் கவனம் பெறுகிறது. பெண்ணின் காய்ச்சல் அடுப்பை நிறுத்துவதில்லை, அவள் காய்ச்சலோடு சமைக்கிறாள். வங்கதேசத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வு, நோயுற்ற வயதுவந்த பெண்களிடையே இறப்பு மற்றவர்களை விட மிக அதிகம் என்று கண்டது. மரணத்தின் ஆபத்துக் காரணிகளில் ஆணாதிக்கமும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபின் நிலை என்ன? ஆர்கே39 என்னும் எளிய பரிசோதனை சில நிமிடங்களில் முடிவு தருகிறது. ஆனால் கடும் ரத்தசோகை உள்ளவருக்கு ரத்தம் ஏற்றும் வசதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடையாது. மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். பீகாரின் பொது சுகாதாரக் கட்டமைப்பு குறித்து 2024 நவம்பரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, சுகாதாரத்துறையில் 49 சதவீதப் பணியிடங்கள் காலி என்று கூறியது. 2016-17 முதல் 2021-22 வரை ஒதுக்கப்பட்ட நிதியில் 31 சதவீதம் செலவிடப்படவே இல்லை என்றும் அது அம்பலப்படுத்தியது. நோயாளி தாமதமாக வருவதைப் பற்றிப் பேசும் அரசு, மருத்துவர் வராததைப் பற்றிப் பேசுவதில்லை.

புலம்பெயர்வும் எச்ஐவியும்

பட்டியலின் மிகக் கொடிய காரணி எச்ஐவி. இரண்டு நோய்களும் ஒரே எதிர்ப்புச் சக்தியை இரு பக்கத்திலிருந்தும் அரிக்கின்றன. சிகிச்சை முடிந்தபின்னும் காலா அசார் திரும்பத் திரும்ப வருகிறது. பாட்னாவில் சிகிச்சைக்கு வந்த பதினான்கு வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு எச்ஐவி இருப்பதைக் கண்டறிந்தது. அவர்களில் பலருக்கு அதுவரை அது தெரியாது.

இதுவும் தனிமனித ஒழுக்கத்தின் கதையன்று. வடக்கு பீகாரில் கூலியும் நிலமும் இல்லாததால் ஆண்கள் டெல்லிக்கும் மும்பைக்கும் சூரத்துக்கும் பஞ்சாபுக்கும் போகிறார்கள். பத்துப் பேர் ஓர் அறையில், குடும்பத்தைப் பிரிந்து, ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். சத் பூஜைக்கு ஊர் திரும்பும்போது நோயும் திரும்புகிறது. இந்த இரட்டைத் தொற்றுக்கென இரு மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. 

வென்றதைக் கைவிட்ட வரலாறு

காலா அசார் இந்தியாவில் ஒருமுறை ஏறத்தாழ மறைந்தேவிட்டது. காலனி ஆட்சிக் காலத்தில் வங்கத்திலிருந்து பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கு நெடுக அது பரவியபோது, அசாமின் நவ்காங் மாவட்டம் மட்டும் 1891க்கும் 1901க்கும் இடையே மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தது. விடுதலைக்குப் பின் 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. மலேரியாக் கொசுவுக்காக வீடுகளில் தெளிக்கப்பட்ட டிடிடி மணல் ஈயையும் கொன்றது. 1960களின் நடுவில் காலா அசார் பாடப்புத்தகத்து நோயாகிவிட்டது.

பிறகு நடந்ததுதான் பாடம். மலேரியா குறைந்த இடங்களில் தெளிப்பு நிறுத்தப்பட்டது. காலா அசாருக்கென்று தனிக் கண்காணிப்பு எதுவும் இல்லை. மண்சுவர் அப்படியே இருந்தது, பசி அப்படியே இருந்தது, நிலவுடைமை அப்படியே இருந்தது. 1970களின் நடுவில் வைஷாலி மாவட்டத்தில் மீண்டும் காய்ச்சல் தலைகாட்டியது. 1977இல் வடக்கு பீகார் முழுவதும் கொள்ளைநோயாக வெடித்தது. ஒரு லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. தனித் திட்டம் வகுக்க 1990-91 வரை அரசுக்கு நேரம் தேவைப்பட்டது. நோயை உண்டாக்கும் சமூக நிலைமைகளை விட்டுவைத்து நோயை மட்டும் அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு, வேறொரு நாட்டை உதாரணம் காட்டத் தேவையில்லை.

நன்கொடை மருந்து

மருந்தின் கதையும் இதே பாதையில்தான் செல்கிறது. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் கேம்பல் மருத்துவப் பள்ளியில், மின்விளக்கும் குழாய்நீரும் இல்லாத சிற்றறையில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமின் என்னும் மருந்தைக் கண்டுபிடித்தார். அசாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் உட்பட எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஆன்டிமனி மருந்துகளே காலா அசாருக்கு ஆதாரமாயின. பீகாரில் அவை கட்டுப்பாடின்றி, குறைந்த அளவில், பாதியில் நிறுத்தி வழங்கப்பட்டன. 1990களில் முசாஃபர்பூர் பகுதியில் பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அம்மருந்து வேலை செய்யவில்லை. நாள்தோறும் ஊசி, ஒரு மாதம் வரை. மெலிந்தவர்களும் முதியவர்களும் சிலர் மருந்தின் நச்சாலேயே இதயம் நின்று இறந்தார்கள்.

இன்று ஒரே நாளில், ஒரே தவணையில் ஏற்றப்படும் லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் பி அந்த நிலையை மாற்றியிருக்கிறது. இது பெரும் முன்னேற்றம். ஆனால் இந்த மருந்து எங்கிருந்து வருகிறது? கிலியட் என்னும் அமெரிக்க நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக வழங்கும் நன்கொடையிலிருந்து. 35 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 50 மில்லிகிராம் கொண்ட ஏழு குப்பிகள் வேண்டும். பணக்கார நாடுகளில் அந்நிறுவனம் மிக அதிக விலைக்கு விற்கும் அதே மருந்து. ஒழிப்புத் திட்டத்தின் அச்சாணி ஒரு தனியார் நிறுவனத்தின் விருப்பத்தில் தொங்குகிறது.

விருப்பத்தை நம்பி வாழ்வது எப்படிப்பட்டது என்பதை நாடு 2021 மே மாதத்தில் பார்த்தது. கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை பரவியபோது தேவைப்பட்டதும் இதே மருந்துதான். நாடெங்கும் தட்டுப்பாடு. கள்ளச்சந்தை. அதுவரை முசஹர் குடியிருப்புகளுக்கு மட்டும் தெரிந்திருந்த மருந்தின் பெயரை நகரத்து நடுத்தர வர்க்கமும் உச்சரிக்கக் கற்றுக்கொண்டது. அப்போதாவது அதைப் பொதுத்துறையில் உற்பத்தி செய்யும் திட்டம் வந்ததா? வரவில்லை. வருவதற்கான ஆலைகளை அரசு முன்பே மூடத் தொடங்கியிருந்தது. காலா அசாரின் இதயப்பகுதியான முசாஃபர்பூரிலேயே ஐடிபிஎல் நிறுவனத்தின் துணை ஆலை ஒன்று இருந்தது. சென்னை நந்தம்பாக்கத்தில் இன்னொன்று. ஐடிபிஎல்லை மூடும் முடிவை மோடி அரசு 2016 டிசம்பரில் எடுத்தது.

இலக்கு என்னும் மாயக்கணக்கு

ஒழிப்புக்கான காலக்கெடு 2002ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையில் 2010 என்று குறிக்கப்பட்டது. பிறகு 2015. பிறகு, 2017-18 பட்ஜெட் உரையில் அருண் ஜேட்லி அறிவித்தபடி, 2017. பிறகு 2020. பிறகு 2023. இப்போது எட்டப்பட்டதாகச் சொல்லப்படும் இலக்கின் பொருள் என்ன? இரண்டு லட்சம் பேர் வாழும் ஓர் ஒன்றியத்தில் ஆண்டுக்கு 19 பேருக்கு நோய் வந்தாலும் அங்கே நோய் 'ஒழிந்தது' என்று கணக்கு. அந்த 19 பேரும் ஒரே முசஹர் குடியிருப்பைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். இருநூறு குடும்பங்களுக்குக் கொள்ளைநோயாக இருப்பது, ஒன்றியத்தின் சராசரியில் கரைந்துவிடுகிறது. சராசரி என்பது சாதிக்கு வெளியே நின்று பேசும் மொழி. நோய் அப்படிப் பேசுவதில்லை.

எண்ணிக்கையின் நம்பகத்தன்மையும் கேள்விக்குரியதே. 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, பீகாரில் உண்மையான நோயாளிகள் அரசுக் கணக்கைப் போல எட்டு மடங்கு என்று காட்டியது. அதன்பின் கண்காணிப்பு மேம்பட்டிருக்கிறது. ஆனால் இலக்கை எட்டிய ஒன்றியத்துக்குப் பாராட்டும் எட்டாததற்கு விளக்கக் கடிதமும் என்ற நிர்வாகமுறை, நோயாளியைக் கண்டுபிடிக்கும் ஊழியரைத் தண்டிக்கிறது.

இதிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நோய் அரிதாகும்போது மருத்துவர்கள் அதை மறக்கிறார்கள். பரிசோதனைப் பெட்டி இருப்பில் இல்லாமல் போகிறது. ஆஷா பணியாளர் வேறு வேலைக்கு அனுப்பப்படுகிறார். எஞ்சியிருக்கும் சில நூறு நோயாளிகள் முன்னைவிடத் தாமதமாகக் கண்டறியப்படுகிறார்கள். ஆகவே மொத்த எண்ணிக்கை குறையும் காலத்திலேயே, நோய் வந்த ஒருவர் இறக்கும் ஆபத்து கூடிவிடக்கூடும். சான்றிதழ் வந்த மறுநாள் நிதியும் கவனமும் குறையுமானால் இதுவே நடக்கும்.

குணமான சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்துத் தோலில் வெளிர்ந்த தேமல்களாகவும் முடிச்சுகளாகவும் ஒட்டுண்ணி மீண்டும் வெளிப்படுகிறது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அவர்களைக் கடிக்கும் மணல் ஈ நோயை எடுத்துச் செல்ல முடியும். பன்னிரண்டு வாரங்கள் மாத்திரை சாப்பிட வேண்டிய அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் தொடர்வது யார்? ஆஷா பணியாளர்கள். அவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013லேயே பரிந்துரைத்தது. இன்றுவரை அவர்கள் 'தன்னார்வலர்கள்'. ஊதியத்துக்குப் பதில் ஊக்கத்தொகை.

'வறுமை ஒழியும்வரை காத்திருக்க முடியுமா?'

இத்தகைய விமர்சனத்துக்கு அதிகாரவர்க்கம் ஒரு பதில் வைத்திருக்கிறது. வறுமையையும் சாதியையும் ஒழித்தபின்தான் நோயை ஒழிக்க முடியும் என்றால் நூறாண்டு காத்திருக்க வேண்டும். தெளிப்பானும் ஒருதவணை மருந்தும் இப்போதே உயிர்களைக் காக்கின்றன, அது போதாதா என்பது அந்தப் பதில்.

தெளிப்பையும் மருந்தையும் நிறுத்தச் சொல்வது யாருடைய கோரிக்கையும் அல்ல. அவை தொடர வேண்டும், கூட வேண்டும். ஆனால் பத்து சென்ட் மனைநிலம் தருவதற்கு நூறாண்டு தேவையில்லை. சட்டமன்றத்தில் ஒரு கூட்டத்தொடர் போதும். ரேசன் அட்டையைப் புதிய மக்கள்தொகைக்கு ஏற்ப விரிப்பதற்கும், காலியிடங்களை நிரப்புவதற்கும், மாவட்ட மருத்துவமனைகளில் ரத்தம் இருப்பு வைப்பதற்கும் நூறாண்டு தேவையில்லை. நோயாளிக்குத் தரப்படும் 7,100 ரூபாய் இழப்பீடு, அதாவது பீகார் அரசின் 6,600 ரூபாயும் ஒன்றிய அரசின் 500 ரூபாயும், இழந்த கூலிக்கும் வாங்கிய கடனுக்கும் ஈடாகாது என்பதை உணர எந்த ஆய்வும் தேவையில்லை. பொது சுகாதாரச் செலவை 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டுக் கொள்கையில் எழுதியதும் இந்த அரசுதான். அந்த இலக்கை அது எட்டவில்லை. காலத்தின் குறையாக இவற்றில் எதையும் சொல்ல முடியாது. இவை வர்க்கத் தேர்வுகள்.

எவை செய்யப்பட வேண்டும்?

சான்றிதழுக்குப் பின்னும் குறைந்தது பத்தாண்டுகள் தனி நிதியோடு கண்காணிப்பு தொடர வேண்டும். ஒன்றியச் சராசரியை விட்டுவிட்டு, குடியிருப்புவாரியாகவும் சாதி, பாலினவாரியாகவும் நோயும் இறப்பும் கணக்கிடப்பட்டு வெளியிடப்பட வேண்டும். ஒவ்வொரு காலா அசார் மரணமும் தணிக்கை செய்யப்பட வேண்டும். தாமதம் எந்தக் கட்டத்தில், எதனால் நேர்ந்தது என்பது அதில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் எச்ஐவி, காசநோய்ப் பரிசோதனையும், குணமாகும்வரை குடும்பத்துக்குச் சத்துணவும், இழந்த கூலியும் உறுதி செய்யப்பட வேண்டும். மருந்து பொதுத்துறையில் உற்பத்தியாக வேண்டும். பந்தோபாத்யாய ஆணையத்தின் பரிந்துரைகள் நடைமுறைக்கு வர வேண்டும். ஆஷா பணியாளர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட வேண்டும்.

தமிழகத்துக்கு இந்நோய் அந்நியமன்று. 1903இல் சென்னை பொது மருத்துவமனையில் நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில்தான் சார்லஸ் டோனோவான் இந்த ஒட்டுண்ணியைக் கண்டார். அதன் பெயரில் இன்றும் அவர் இருக்கிறார். அன்று சென்னை நகரத்திலேயே காலா அசார் இருந்தது. இன்று திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் சாரணிலிருந்தும் சிவானிலிருந்தும் அராரியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் உழைக்கிறார்கள். ஊரில் கடித்த மணல் ஈயின் நோய், சில மாதங்கள் கழித்து இங்கே தகரக் கொட்டகையில் வெளிப்படலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலும் கொண்ட பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளி ஒருவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, காலா அசார் உள்ள மாவட்டத்திலிருந்து வந்தவர் என்று மருத்துவரிடம் சொல்வது ஓர் உயிரைக் காக்கும். தொழிற்சங்கத் தோழர்கள் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை அது. ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் பெயர்கூட இல்லாத அந்தத் தொழிலாளிக்கு வேறு யாரும் அதைச் செய்யப் போவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வரட்டும். அதை ஆட்சியாளர்கள் விளம்பரம் செய்யும் நாளில், பீகாரின் மண்சுவர்கள் எத்தனை நின்றிருக்கின்றன, மருத்துவர் இல்லாத மருத்துவமனைகள் எத்தனை, மனைப்பட்டா இல்லாத குடும்பங்கள் எத்தனை என்ற கணக்கையும் உடன் வைக்கும்படி கேட்பது இடதுசாரிகளின் கடமை. அந்தக் கணக்கு குறையும்போதுதான் காலா அசாரால் சாகும் ஆபத்து உண்மையாகக் குறையும்.